மேசையில் எத்தனை வாய்? யுஎஸ்பி மைக்கா, ஆடியோ இன்டர்ஃபேஸா

கோலாலம்பூர் செந்தூலில் சவுண்ட் செட்டு வாடகைக்கு விடுவது என் தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, தைப்பூசத்துத் தண்ணீர்ப் பந்தல் என்று எல்லாவற்றுக்கும் லோரியில் பெட்டி ஏற்றிக்கொண்டு போவோம். கொஞ்ச காலமாக ஒரு புதுக் கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள். “அண்ணே, பாட்காஸ்ட் தொடங்கப் போறோம். யுஎஸ்பி மைக் வாங்கலாமா, இன்டர்ஃபேஸ் வாங்கலாமா?”

நான் பதில் சொல்வதற்கு முன்னால் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். மேசையில் எத்தனை பேர் உட்கார்ந்து பேசப் போகிறீர்கள்?

ஒருவர் மட்டும் என்றால் யுஎஸ்பி மைக். ஒரே அறையில் இரண்டு பேர், மூன்று பேர் என்றால் இன்டர்ஃபேஸ். விருந்தாளி ஜொகூரில், நீங்கள் கோலாலம்பூரில், இணையம் வழியாகப் பேசுகிறீர்கள் என்றால் உங்கள் மேசையில் இருப்பது ஒரு வாய்தான், அதனால் யுஎஸ்பி. அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு கடைக்குப் போகலாம். ஆனால் எந்த யுஎஸ்பி மைக், எந்த இன்டர்ஃபேஸ் என்பதில்தான் பணம் வீணாகிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

மைக் உங்கள் குரலின் அதிர்வை மிக மிகச் சிறிய மின்சாரமாக மாற்றும். அந்த மின்சாரத்தைப் பெருக்க ப்ரீஆம்ப் வேண்டும். பெருக்கியதைக் கணினிக்குப் புரியும் எண்களாக்க ஒரு மாற்றி வேண்டும். யுஎஸ்பி மைக்கில் இந்த மூன்றும் ஒரே உடம்புக்குள் இருக்கும். 3-இன்-1 கோப்பிப் பாக்கெட் மாதிரி, வெந்நீர் ஊற்றினால் வேலை முடிந்தது. சீனி கூடுதலாக இருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது ப்ரீஆம்பும் மாற்றியும் மட்டும் உள்ள ஒரு பெட்டி. மைக்கைத் தனியாக வாங்கி, மூன்று கம்பி எக்ஸ்எல்ஆர் கேபிளில் அந்தப் பெட்டிக்குக் கொண்டுவர வேண்டும். பெட்டியிலிருந்து கணினிக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் போகும்.

இன்டர்ஃபேஸில் பேசினால் குரல் வானொலி மாதிரி வரும், யுஎஸ்பியில் மட்டமாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பேச்சுக்கு மட்டும் என்றால் நல்ல யுஎஸ்பி மைக்குக்கும் நடுத்தர இன்டர்ஃபேஸுக்கும் உள்ள வித்தியாசத்தை, காரில் போய்க்கொண்டே கேட்கிறவர் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவர் காதில் விழுவது இரண்டு விஷயம்தான்: அறையின் எதிரொலி, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். மின்னல் எஃப்எம் கேட்டு வளர்ந்த நம் காதுகளுக்கு அறிவிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அந்த நெருக்கம் பழக்கம். அது விலையுயர்ந்த பெட்டியால் மட்டும் வந்ததில்லை. அமைதியான அறையில், மைக்கை நெருங்கிப் பேசியதால் வந்தது.

இரண்டு யுஎஸ்பி மைக் ஏன் வேலைக்கு ஆகாது

என் அக்கா மகளும் அவள் தோழியும் தோட்டத்துப் பாட்டிமார் சமையலைப் பற்றிப் பேசி வெளியிடத் திட்டமிட்டார்கள். “மாமா, ஆளுக்கொரு யுஎஸ்பி மைக் வாங்கி லேப்டாப்புல குத்திட்டா போதும்லா, எதுக்கு இன்னொரு பெட்டி?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பலர் தடுமாறுவதும் இங்கேதான்.

ஒவ்வொரு யுஎஸ்பி மைக்குக்கும் உள்ளே சொந்தமாக ஒரு கடிகாரம் இருக்கிறது. வினாடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கச் சொன்னால், ஒன்று துளி வேகமாக அளக்கும், இன்னொன்று துளி மெதுவாக அளக்கும். வித்தியாசம் பத்து லட்சத்தில் 50 பங்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் பேசி முடிக்கையில் இரண்டு பதிவுக்கும் இடையே 0.18 வினாடி இடைவெளி வந்திருக்கும். ஒருவர் குரல் மற்றவர் மைக்கிலும் லேசாக விழும் என்பதால், முதலில் சரியாக இருந்த பேச்சு போகப் போகக் கிணற்றுக்குள் பேசுவதைப் போல இரட்டிக்கும்.

இது போதாதென்று, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்துதான் பதிவு செய்யும். மேக் கணினியில் ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற இடத்துக்குப் போய் இரண்டு மைக்கையும் ஒரே கருவியாகச் சேர்த்து, டிரிஃப்ட் கரெக்‌ஷன் என்பதை டிக் செய்தால் சமாளிக்கலாம். விண்டோஸில் அதற்கென்று தனி மென்பொருள் தேடி நிறுவி, ஒவ்வொரு தடவையும் அது ஒத்துழைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விருந்தாளியாக வந்த பாட்டியை உட்கார வைத்துவிட்டு அந்த வேலையைப் பார்க்க முடியாது.

இன்டர்ஃபேஸில் இந்தத் தொல்லை கிடையாது. எத்தனை மைக் செருகினாலும் ஒரே கடிகாரம்.

நடுவழி ஒன்றும் உண்டு. 2009-இல் வந்த ப்ளூ யெட்டி போன்ற மைக்கில் முன்னும் பின்னும் மட்டும் கேட்கும்படி மாற்றுகிற திருகு இருக்கிறது. ஆள் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து நடுவில் அதை வைத்துப் பேசலாம். ஆனால் இரண்டு குரலும் ஒரே தடத்தில் கலந்து வரும். ஒருவர் இருமினால் அதை மட்டும் வெட்ட முடியாது, ஒருவர் சன்னமாகப் பேசினால் அவரை மட்டும் தூக்க முடியாது. பாட்டிமார் எல்லோரும் சன்னமாகத்தான் பேசுவார்கள், பேத்திமார் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அதனால் அக்கா மகளுக்கு இன்டர்ஃபேஸ்தான் என்று முடிவானது.

ஒரே ஆள் என்றால்

கெப்போங்கில் ஒரு தாமான் வீட்டில் இருந்துகொண்டு, பழைய தோட்டப்புறக் கதைகளைச் சொல்லிப் பதிவு செய்ய விரும்புகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். கணினி என்றால் அவருக்குப் பயம். அவரிடம் இன்டர்ஃபேஸ், டிரைவர், கெயின் திருகு, 48 வோல்ட் பொத்தான் என்று பேசுவதில் பொருளில்லை. யுஎஸ்பி மைக்கைச் செருகினால் விண்டோஸும் மேக்கும் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். யுஎஸ்பி-சி உள்ள கைப்பேசியிலும் பெரும்பாலும் நேராக வேலை செய்யும். ஐபோனில் 15-லிருந்து அந்தத் துளைதான்.

அவரிடம் நான் வற்புறுத்திச் சொன்னது, கண்டென்சர் வேண்டாம், டைனமிக் வாங்குங்கள் என்பது. கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும். அமைதியான ஸ்டுடியோவில் அது வரம். நம் வீட்டில் அது அடுத்த வீட்டுக் குக்கர் விசிலையும், வாசலில் போகிற மோட்டாரையும், தகரக் கூரையில் விழும் மாலை மழையையும் அக்கறையாகப் பதிவு செய்து கொடுக்கும்.

டைனமிக் மைக்குக்குத் தூரத்துச் சத்தமே கேட்காது என்று கடையில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. டைனமிக் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத்தான் பேச முடியும். பக்கத்தில் வைப்பதால்தான் குரல் பெரிதாகவும் அறை சிறிதாகவும் விழுகிறது. தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 30 செ.மீ. தள்ளி வைத்திருந்ததை 15-க்கும், பிறகு ஏழரைக்கும் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம். அறையின் இரைச்சலோ இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த மைக்கை வாங்கினாலும் நாலு விரல் அகலம் என்பதை மறக்காதீர்கள். கல்யாண மண்டபத்தில் வாழ்த்துரை சொல்கிற பெரியவர்கள் மைக்கைத் தொப்புளுக்கு நேரே பிடித்துக்கொண்டு “சத்தம் வரலையே தம்பி” என்பார்கள். அதே தப்பை வீட்டில் யாரும் பார்க்காமல் செய்கிறார்கள்.

யுஎஸ்பி டைனமிக் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். யுஎஸ்பி துளையோடு எக்ஸ்எல்ஆர் துளையும் இருக்கிற மைக்கைத் தேர்ந்தெடுங்கள். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ், ஷூர் எம்வி7, ரோட் பாட்மைக் யுஎஸ்பி எல்லாம் அப்படித்தான். இன்றைக்குத் தனியாகப் பேசுகிறீர்கள். அடுத்த வருடம் நண்பர் ஒருவர் சேர்ந்துகொண்டால் இதே மைக்கை எக்ஸ்எல்ஆர் கேபிளில் இன்டர்ஃபேஸுக்குக் கொண்டுபோகலாம். பழைய மைக்கை விற்க அலைய வேண்டியதில்லை. யுஎஸ்பியா இன்டர்ஃபேஸா என்று இன்னும் ஊசலாடுகிறவர்களுக்கும் என் சிபாரிசு இதுதான். முதல் செலவு வீணாகாது.

மைக்கிலேயே இயர்போன் துளை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதில் கேட்டால் உங்கள் குரல் கணினியைச் சுற்றி வராமல் நேராகக் காதுக்கு வரும். கணினி வழியாகக் கேட்டால் கொஞ்சம் பிந்தி வரும். தன் குரலே பின்னால் துரத்திக்கொண்டு வரும்போது யாராலும் கோர்வையாகப் பேச முடியாது.

இரண்டு பேருக்கு மேல் என்றால்

இன்டர்ஃபேஸ் பெட்டியின் முகத்தில் இரண்டு திருகும் இரண்டு துளையும் தெரிந்தால் இரண்டு மைக் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் எக்ஸ்எல்ஆர் மைக் துளை ஒன்றே ஒன்று, மற்றது கிட்டாருக்கு. பெரிஞ்சர் யூஎம்2-வும் அப்படித்தான். பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கிறவருக்காகச் செய்யப்பட்ட பெட்டிகள் அவை. இரண்டு மைக் வேண்டுமென்றால் ஸ்கார்லெட் 2ஐ2, பெரிஞ்சர் யூஎம்சி202எச்டி போன்றவற்றைப் பாருங்கள். விலைப் பட்டியலில் சோலோ மலிவாகத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது கெயின், அதாவது ப்ரீஆம்ப் குரலை எவ்வளவு பெருக்குகிறது என்பது. யூடியூபில் பெரிய பாட்காஸ்டர்கள் முகத்துக்கு முன்னால் கறுப்பாக, பருமனாக ஒரு மைக் தொங்குமே, அது ஷூர் எஸ்எம்7பி. அதே வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல மைக்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதிலிருந்து வருகிற மின்சாரம் ரொம்பக் கம்மி; குறைந்தது 60 டெசிபல் பெருக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 2019-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2-வில் 56 டெசிபல்தான் இருந்தது. 2023-இல் வந்த நான்காம் தலைமுறையில் 69 வரை போகிறது. பழைய பெட்டியோடு எஸ்எம்7பி-யைச் சேர்த்தால் திருகை முழுக்கத் திருகியும் குரல் எழும்பாது, உஸ்ஸென்ற இரைச்சல்தான் எழும்பும். பிறகு நடுவில் ஒரு பூஸ்டர் வாங்க வேண்டும், செலவு இன்னும் ஏறும்.

என் பெட்டியில் கிடப்பதெல்லாம் ஷூர் எஸ்எம்58. 1966-இல் வந்த மைக். கீழே போட்டிருக்கிறார்கள், பஞ்சாமிர்தம் ஒட்டியிருக்கிறது, மழையில் நனைந்திருக்கிறது, துடைத்தால் பாடுகிறது. மேடைக்கென்று செய்ததுதான், ஆனாலும் ஒரு பஞ்சு உறையை மாட்டி நாலு விரல் தள்ளிப் பேசினால் பாட்காஸ்டுக்கு அருமையாக இருக்கும். சாதாரண இன்டர்ஃபேஸே அதற்குப் போதும். இரண்டு எஸ்எம்58-ம் ஒரு யூஎம்சி202எச்டி-யும் வாங்கிய குழு ஒன்று, ஒரே ஒரு எஸ்எம்7பி வாங்கிய குழுவைவிட நன்றாகப் பதிவு செய்வதை நான் கேட்டிருக்கிறேன்.

கணக்குப் போடும்போது மைக்கையும் பெட்டியையும் மட்டும் கூட்டாதீர்கள். இரண்டு பேருக்கு இரண்டு மைக், இரண்டு எக்ஸ்எல்ஆர் கேபிள், இரண்டு ஸ்டாண்டு, இரண்டு பஞ்சு உறை, இரண்டு மூடிய வகை ஹெட்போன், ஒரு ஹெட்போன் பிரிப்பான். கையில் 1,000 வெள்ளி இருந்தால் மைக்குகளுக்கும் பெட்டிக்கும் 700-க்கு மேல் போகக் கூடாது என்பது என் கணக்கு. மீதி இந்தச் சில்லறைச் சாமான்களுக்கு. ஸ்டாண்டில் மிச்சம் பிடித்தால் மைக் மெல்லத் தலை குனிந்துகொண்டே வரும், பேசுகிறவரும் கூடவே குனிவார்.

பிரிக்பீல்ட்ஸில் நான்கு பேர் சேர்ந்து பந்து விளையாட்டைப் பற்றி வாரா வாரம் சண்டை போடுகிறார்கள். அதைப் பதிவு செய்கிறேன் என்று பெயர். அவர்களுக்கு இரண்டு துளைப் பெட்டி போதாது. கணினியைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் சோம்பல். ஸூம் பாட்ட்ராக் பி4 வாங்கச் சொன்னேன். நான்கு எக்ஸ்எல்ஆர் துளை, நான்கு ஹெட்போன் துளை, இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், எஸ்டி கார்டில் தனித்தனித் தடமாகப் பதியும். கைப்பேசியை இணைத்தால் வெளியூர் ஆளையும் சேர்த்துக்கொள்ளலாம், அவர் குரல் அவருக்கே திரும்பிப் போகாது. வேண்டும்போது கணினியோடு இணைத்தால் அதே பெட்டி இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும்.

உட்காரும் இடம்

நம் வீட்டின் முதல் எதிரி மேலே சுற்றுகிற விசிறி. மைக்கை மேசை ஸ்டாண்டில் வைத்து முகத்தைப் பார்த்து மேல்நோக்கிச் சாய்த்தால், அதன் வாய் விசிறியையும் பார்க்கிறது. கார்டியாய்டு வகை மைக் முன்னால் இருப்பதை நன்றாகக் கேட்கும், முதுகுக்குப் பின்னால் இருப்பதைத்தான் ஒதுக்கும். ஆகவே மைக்கைக் கை போல நீள்கிற ஸ்டாண்டில் மேலிருந்து கீழ்நோக்கித் தொங்க விடுங்கள். அதன் முதுகு விசிறிக்கு, வாய் உங்களுக்கு. ஏர்கோன் சுவரில் இருந்தால் அதற்கும் முதுகைக் காட்டுங்கள். மெய்யாகவே பொறுக்க முடிந்தால் இரண்டையும் அணைத்துவிட்டு இருபது நிமிடம் பேசி, பிறகு போட்டு ஆறிக்கொள்ளலாம். கோலாலம்பூர் வெயிலில் அதற்கு மேல் யாரையும் கேட்க எனக்கு மனம் வராது.

யெட்டி போன்ற சில மைக்குகளில் பக்கவாட்டில் பேச வேண்டும், உச்சியில் பேசக் கூடாது. எஸ்எம்58 மாதிரி உருண்டைத் தலை வகையில் நேராக உச்சியில் பேச வேண்டும். பெட்டிக்குள் வருகிற தாளில் படம் போட்டிருப்பார்கள், ஒரு தடவை பாருங்கள்.

இரண்டு மைக் இருந்தால், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் இடைவெளி இருக்கட்டும். மேடையில் நாங்கள் காலங்காலமாகப் பின்பற்றுகிற கணக்கு இது. எதிரெதிரே உட்கார்ந்தால் இன்னும் நல்லது, ஒருவர் மைக்கின் முதுகு மற்றவருக்கு வரும். ஓடு பதித்த வெறும் ஹாலைவிட, மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறை பேச்சுக்கு எவ்வளவோ மேல். அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தொங்குகிற புடைவைகளும் பாஜூ குரோங்கும் எதிரொலியை வாங்கிக்கொள்ளும்.

இணைப்பதும் அளவு வைப்பதும்

யுஎஸ்பி மைக் என்றாலும் இன்டர்ஃபேஸ் என்றாலும் லேப்டாப்பின் துளையிலேயே நேராகச் செருகுங்கள், மலிவான ஹப் வழியாக வேண்டாம். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் போட்டால் அந்தத் தயாரிப்பாளரின் டிரைவரை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது பெட்டி கேபிள் வழியாக மைக்குக்கு அனுப்புகிற மின்சாரம், தேவையில்லை. கண்டென்சருக்குக் கட்டாயம் தேவை. அந்தப் பொத்தானைத் தட்டும்போது ஹெட்போன் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், டப்பென்று காதில் அடிக்கும். எக்ஸ்எல்ஆர் கேபிள் நீளமாக இருந்தால் பரவாயில்லை, மண்டபத்தில் 30 மீட்டர் இழுக்கிறோம். யுஎஸ்பி கேபிளை 5 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள்.

கெயின் வைக்கும் முறை இது. நிகழ்ச்சியில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள். ‘ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ’ எதற்கும் உதவாது, அந்தக் குரலில் யாரும் ஒரு மணி நேரம் பேசுவதில்லை. நான் சொல்லச் சொல்வது: “பத்துமலைப் படி ஏறிப் போன பாப்பா, புறாவைப் பார்த்துப் பயந்து போச்சு.” பகர ஒலிகளில் காற்று பட்டென்று மைக்கில் மோதும். அந்த வாக்கியத்தில் டப் டப்பென்று கேட்டால் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டுக்குத் திருப்புங்கள், காற்று அதைத் தாண்டிப் போகட்டும். பிறகு ஏதாவது நகைச்சுவை சொல்லி வாய்விட்டுச் சிரியுங்கள். அந்தச் சிரிப்பில் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமலும், சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 பக்கமாகவும் இருந்தால் திருகை அங்கேயே விட்டுவிடுங்கள். 2ஐ2 நான்காம் தலைமுறையில் இதைத் தானே பார்த்து வைக்கிற ஆட்டோ கெயின் இருக்கிறது. நான் நம்புவது சிரிப்பைத்தான்.

முதல்முறை இன்டர்ஃபேஸ் வாங்கியவர்கள் பதறிக்கொண்டு போன் செய்வது ஒரு விஷயத்துக்கு: “அண்ணே, குரல் இடது காதுல மட்டும் கேக்குது.” பெட்டி பழுதாகவில்லை. முதல் துளை இடப்பக்கம், இரண்டாம் துளை வலப்பக்கம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஒருவர் மட்டும் பேசினால் ஆடாசிட்டியில் மோனோ என்று மாற்றிவிட்டுப் பதிவு செய்யுங்கள். இருவர் பேசினால் ஸ்டீரியோவாகவே பதிந்து, முடித்த பிறகு அந்தத் தடத்தை இரண்டு மோனோவாகப் பிரியுங்கள். இப்போது பாட்டி தனி, பேத்தி தனி. இருமலை வெட்டலாம், சன்னக் குரலைத் தூக்கலாம்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு குரலை ஒரு மணி நேரம் பதிந்தால் சுமார் 520 எம்பி ஆகும். இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியிடும்போது மோனோ எம்பி3, 64 கேபிபிஎஸ் போதும், 30 எம்பிக்குள் அடங்கும். ஒலி அளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள், ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பது அது. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 என்கிறது. மைனஸ் 16-இல் வைத்தால் இரண்டு இடத்திலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நம் ஊர்த் தொல்லைகள்

பதிவில் ஊங் என்று அடித்தளத்தில் ஓர் இரைச்சல் கேட்டால், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதி நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். மின்சாரத்தோடு ஒட்டியே இருக்கிற லேப்டாப்பில் கிரவுண்டு வழியாக அந்த இரைச்சல் ஏறுகிறது. முன்கூட்டியே சார்ஜ் ஏற்றிக்கொண்டு பேட்டரியில் பதிவு செய்வது நல்ல பழக்கம்.

மாலையில் இடி இடிக்கத் தொடங்கினால் சார்ஜரும் மோடமும் சுவரில் இருக்க வேண்டாம். பதிவு எப்படியும் கெட்டுவிட்டது, கருவியையாவது காப்பாற்றுங்கள்.

ஈரப்பதம் கண்டென்சர் மைக்குக்கு ஆகாது. உள்ளே இருக்கிற மெல்லிய தகட்டில் ஈரம் படிந்தால் படபடவென்று பொரிகிற சத்தம் வரும். பேசி முடித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். டைனமிக் மைக்குக்கு இந்த உபசாரம் எதுவும் தேவையில்லை. நான் அதன் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது

யுஎஸ்பி மைக்கில் ஏதாவது ஒன்று கெட்டால் முழு மைக்கும் போச்சு. யுஎஸ்பி துளை ஆடத் தொடங்குவதுதான் பெரும்பாலும் முதலில் வருகிற நோய். அதனால் யுஎஸ்பி மைக்கைப் பழசாக வாங்காதீர்கள், உத்தரவாதத்தோடு புதிதாக வாங்குங்கள். இன்டர்ஃபேஸையும் எக்ஸ்எல்ஆர் மைக்கையும் பழசாக வாங்கலாம், ஆனால் கேட்டுப் பார்த்துவிட்டு. உங்கள் லேப்டாப்பையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு துளையிலும் மைக்கைச் செருகி, பேசிக்கொண்டே கெயின் திருகை அடியிலிருந்து உச்சி வரை மெல்லத் திருகுங்கள். கரகரவென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள் அல்லது எழுந்து வாருங்கள். 48 வோல்ட் பொத்தானைச் சோதிக்க ஒரு கண்டென்சர் மைக் வேண்டும். நண்பரிடம் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் என்றால், அந்தப் பழைய பெட்டிக்கு உங்கள் விண்டோஸுக்கு ஏற்ற டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசாவுக்குப் போனால் யுஎஸ்பி மைக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே இருக்கிற கூச்சலில் ஒலியைச் சோதிக்க முடியாதுதான். ஆனால் கனம், ஸ்டாண்டின் உறுதி, மியூட் பொத்தான் டக்கென்று சத்தம் போடுகிறதா என்பதெல்லாம் கையில் எடுத்தால்தான் தெரியும். எக்ஸ்எல்ஆர் மைக்குக்கு இசைக்கருவி விற்கிற கடை நல்லது, ஒரு மூலைக்குப் போய்ப் பேசிப் பார்க்க விடுவார்கள்.

எஸ்எம்58-க்கு உலகம் முழுக்கப் போலி உண்டு. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அசல் மைக் 298 கிராம் இருக்கும்; போலி பெரும்பாலும் கையில் எடுத்ததுமே இலேசாகத் தெரியும். விற்கிறவரை நேரில் சந்திக்கிறீர்கள் என்றால் தராசு இருக்கிற மளிகைக் கடைப் பக்கமாகச் சந்தியுங்கள்.